அஞ்சுக்கு மேல எண்ணாதே

1917 பிப்ரவரியில் ஒரு காலை, விடாத தூறலில், நானும் என் மச்சான் ஜாகோவும் தோளில் மூட்டையோடு துறைமுகத்தின் கடைசி மேடைக்கு நடந்துபோனோம். எங்களுக்கென்று ஒதுக்கிய நீர்மூழ்கி அங்கே கட்டிக் கிடந்தது. புது வண்ணம், புதுக் கயிறு. கோபுரத்தின் பக்கத்தில் வெள்ளையில் பளிச்சென்று அறுபத்திரண்டு என்ற எண். இரும்பு நனைந்திருந்ததால் அதற்கு அடியில் இன்னொரு எண் தழும்பு மாதிரி புடைத்துத் தெரிந்தது.

நாற்பத்தேழு.

ஜாகோ மூட்டையைக் கீழே வைத்தான். "மச்சான், இது அந்தப் பழைய சனியன்தானே? பேரை மாத்தி நம்ம தலையில கட்டுறாங்க."

"வாயை மூடு. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே. ரெண்டாந்தாரம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்ல வேணாமா?"

நாற்பத்தேழின் கதை அந்தத் துறைமுகத்தில் தெரியாதவர் இல்லை. போன இலையுதிர்காலத்தில், வெள்ளோட்டத்துக்கு முங்கியபோது, அடைக்க மறந்த ஒரு காற்றுக்குழாய் வழியாகக் கடல் உள்ளே வந்துவிட்டது. பின்னறையில் இருந்த பதினோரு பேர் செத்தார்கள். முன்பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் படகைத் தூக்கிக் கழுவி, எஞ்சினை மாற்றி, எண்ணையும் மாற்றிவிட்டார்கள். போர்க்காலத்தில் இரும்புக்குத்தான் பஞ்சம். ஆளுக்குப் பஞ்சமில்லை, எங்களைப் போன்ற மடையர்கள் தாங்களாகவே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஜாகோவைக் கையெழுத்துப் போட வைத்தது நான். அவன் என் மனைவி டாம்சினின் ஒரே தம்பி. ரயிலடியில் அவள் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வரணும்" என்றாள். சரி என்றேன். அந்த ஒரு சொல்தான் இந்தக் கதை முழுக்க என் கழுத்தில் கட்டிய கல்.

ஏணி வழியாக உள்ளே இறங்கினோம். எண்ணெய், ஈரக் கம்பளி, வேகவைத்த முட்டைக்கோஸ், புது வண்ணம் எல்லாம் கலந்த வாடை. அதற்கும் அடியில், நெடுநாள் தேங்கிய பூச்சாடித் தண்ணீரின் வாடை. எத்தனை முறை கழுவியும் அது போகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

படகின் மூத்த ஆள் கிரேக் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, முறுக்கிப் பிழிந்த துணி போல உடம்பு. நாற்பத்தேழில் இருந்து உயிரோடு வந்தவர்களில் அவர் ஒருவர்தான் இதே படகுக்குத் திரும்பி வந்திருந்தார். வேறு படகு கொடுத்தும் வேண்டாம் என்றாராம்.

"எந்த ஊருடா?"

"கார்ன்வால், சீஃப். தகரச் சுரங்கம். ரெண்டு பேரும்."

"சுரங்கமா?" அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "அப்ப தட்டுன்னா என்னன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேணாம்."

வேண்டாம்தான். எங்கள் ஊரில் பிறக்கும் குழந்தைக்கும் அது தெரியும். பாறை சரிந்து புதைந்தவன் தலைக்கு ஒரு தட்டாகச் சுவரில் தட்டுவான். மூன்று பேர் உயிரோடு இருந்தால் மூன்று தட்டு. வெளியே இருப்பவன் கேட்டதும் ஒரே ஒரு தட்டு பதில் தட்டுவான். கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். பதில் தட்டியவன் தோண்டாமல் வீடு திரும்பக்கூடாது. ஊரில் அப்படி ஒருவன் திரும்பினான் என்று கேள்வி. அவன் பேரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை.

நீர்மூழ்கியிலும் அதே வழக்கம்தான். முங்குவதற்கு முன் நடுவறைக்கும் பின்னறைக்கும் இடையில் இருக்கும் இரும்புக் கதவை மூடி எட்டுத் தாழ்களையும் முறுக்க வேண்டும். பின்னறையில் மோட்டார்களோடு ஐந்து பேர். கதவு மூடியதும் ஸ்பேனரால் ஐந்து தட்டு தட்டுவார்கள். கதவுக்காரன் ஒரு தட்டு பதில் கொடுக்க வேண்டும். தண்ணீர் புகுந்து கதவை அடைக்க நேர்ந்தால், எண்ணிக்கை சரியாக வரும்போது மட்டுமே திறக்கலாம். எண்ணிக்கை தப்பினால் தொடவே கூடாது. நிறைந்த அறையில் மிதக்கும் பெட்டியும் தட்டும், செத்தவன் பூட்சும் தட்டும். அதை நம்பித் திறந்தால் முன்பக்கத்து இருபது பேரும் போவார்கள்.

கிரேக் பட்டியலில் ஜேபஸ் ஹாக்கின் என்ற என் பேரைப் பார்த்து, என்னைக் கதவுக்காரனாகப் போட்டார். ஜாகோவைப் பின்னறைக்கு அனுப்பினார்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ" என்றான் ஜாகோ. "எங்க அக்கா கேட்டா சந்தோஷப்படுவா."

முதல் முறை முங்கிய நாள் காலை பதினொரு மணி. கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. கதவை மூடினேன், எட்டுத் தாழையும் முறுக்கினேன். உள்ளிருந்து கணீரென்று ஐந்து தட்டு. ஒரு தட்டு பதில் தட்டினேன். படகு சாய்ந்து இறங்கியது. வெளியே தண்ணீர் மூடும் சத்தம் அடங்கி, எல்லாரும் மூச்சைத் தணித்துக்கொண்ட அந்த நிமிடம்.

கதவின் கீழ்ப்பாதியில், தரையை ஒட்டி, யாரோ தட்டினார்கள்.

ஸ்பேனர் இல்லை. விரல் முட்டி.

ஒன்று. இரண்டு. நிதானமாக, இடைவெளி பிசகாமல். ஆறு. ஏழு. நான் குனிந்து காதை வைத்தேன். இரும்பு பனிக்கட்டியாகச் சுட்டது. ஒன்பது. பத்து. பதினொன்று.

தோளில் ஒரு கை விழுந்தது. கிரேக். அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சுக்கு மேல எண்ணாதே" என்றார், காதோடு காதாக.

மேலே வந்ததும் ஜாகோவைத் தனியே பிடித்தேன். "எதுக்குடா தரையில உக்காந்து தட்டிட்டிருந்தீங்க? விளையாட்டா?"

"நாங்க அஞ்சுதான் தட்டினோம். அப்புறம் தட்டுனது நீங்கல்ல? உங்க பக்கத்துலேர்ந்துதானே வந்துச்சு?"

முதலில் சிரித்தது அவன்தான். எங்கள் சுரங்கங்களில் பாறைக்குள்ளிருந்து தட்டும் குட்டிப் பூதங்கள் உண்டு. இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டிப் பணியாரம் தின்றால் கடைசி ஓரத்தைக் கிள்ளி அவற்றுக்குப் போடுவார்கள். போடாவிட்டால் கோபம் வரும். டாம்சின் கொடுத்தனுப்பிய பேஸ்ட்டியில் ஓரத்தைக் கிள்ளி, கதவடியில் இருந்த விளிம்பில் வைத்தான் ஜாகோ.

"பதினோரு பேருக்கு இத்தனூண்டா?" என்றேன்.

"பங்கு போட்டுக்கட்டும். போர்க்காலம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியேதான். முதலில் கணீரென்று ஐந்து. பிறகு ஒரு இடைவெளி, இரண்டு மூச்சு இழுக்கும் நேரம். பிறகு மெதுவாகப் பதினொன்று. காப்டன் லெப்டினன்ட் ஃபென்விக் ஏணிப் பக்கம் பெரிஸ்கோப்பில் இருப்பார், அவர் காதுக்கு எட்டாது. கேட்ட மற்ற சிலர் கேட்காத மாதிரி இருந்தார்கள். நானும் பழகிக்கொண்டேன். பேயோடு பழகலாம், பயத்தோடுதான் பழக முடியாது என்பார்கள். பொய். இரண்டோடும் பழகலாம். மனிதனைப் போல வெட்கங்கெட்ட பிராணி வேறில்லை.

எங்களை வீரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கத்தி எடுத்துப் பாய்கிறவனுக்கு வீரம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கலாம். எங்கள் வீரம் உட்கார்ந்திருப்பது. மேலே எதிரிக் கப்பலின் விசிறி சுற்றும் சத்தம் கிட்டே வரும், தலைக்கு மேல் நிற்கும், நாங்கள் பூட்சைக் கழற்றிவிட்டுக் கையில் கோகோவோடு உட்கார்ந்திருப்போம். ஒருவன் இருமினால் மற்றவன் தன் தொப்பியை அவன் வாயில் அடைப்பான். பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு தீக்குச்சி கிழித்தால் எரியாது, அவ்வளவு கெட்டுப் போயிருக்கும் காற்று. அப்போதும் ஜாகோ, பின்னறையிலிருந்து எங்கள் பக்கம் வரும் பேச்சுக் குழாயில் வாயை வைத்து, "மச்சான், கழுத்துக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன, சீட்டு விளையாடலாமா?" என்பான். பின்னறைக்காரர்கள் ஐந்து பேரும் அப்படித்தான். எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் வெந்துகொண்டு, வெளியே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே வேலை செய்வார்கள். உண்மையான வீரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பார்த்திருக்க வேண்டும். நான் முன்னால் இருந்தேன்.

மே மாதம், எதிரிக் கரையோரம், வெயில் அடித்த ஒரு நண்பகலில் எங்கள் பெரிஸ்கோப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதல் குண்டு தூரத்தில். இரண்டாவதில் விளக்குகள் அணைந்து திரும்ப எரிந்தன. இரண்டு அறைக்கும் குறுக்கே ஓடும் ஒரு குழாய் கசிந்ததை அடைக்க வேண்டியிருந்ததால், ஆள் போய்வரக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மூன்றாவது குண்டு பின்னறையின் கூரைக்கு மேலேயே வெடித்தது.

ஜாகோவின் தலைக்கு மேலிருந்த குழாய் பிளந்து, மரக்கட்டைப் பருமனுக்குத் தண்ணீர் அவன் தோளில் இறங்கியது. அதற்கு அடியில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தான்.

"பின்கதவை மூடு!" என்று கத்தினார் காப்டன்.

என் கை எழவில்லை.

"மூடு மச்சான்!" என்றான் ஜாகோ. "என்னடா பாத்துட்டு நிக்கிற, மூடித் தொலை!"

அவனே உள்ளிருந்து காலால் கதவைத் தள்ளினான். நான் எட்டுத் தாழையும் முறுக்கினேன். படகு பின்பக்கமாகச் சரிந்து, அறுபதடி ஆழத்தில் சேற்றில் அமர்ந்தது. பேச்சுக் குழாயில் தண்ணீர் வந்ததால் அதையும் ஆப்பு அடித்து அடைத்தோம்.

அமைதி. மேலே விசிறிச் சத்தம் வட்டமடித்தது.

பின்னறைக்குள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் காதை வைத்துக் கேட்டேன். சத்தியமாக ஓடிக்கொண்டிருந்தது. தானாக ஓடாது அந்தப் பம்பு, ஒருவன் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஸ்பேனர். கணீரென்று.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

நான் யோசிக்கவில்லை. பரம்பரைப் பழக்கம். என் கை தானாக எழுந்து ஒரு தட்டு பதில் தட்டியது.

ஃபென்விக் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "எத்தனை? சரியா எண்ணிச் சொல்லு ஹாக்கின். அஞ்சுன்னா தண்ணி நின்னுருக்கு, திறந்துரலாம்."

நான் வாயைத் திறந்தேன். இடைவெளி. இரண்டு மூச்சு நேரம்.

கதவின் கீழ்ப்பாதியில் விரல் முட்டிகள் தொடங்கின.

பதினொன்றும் முடிகிறவரை காப்டன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. "இதென்ன? எத்தனைடா?"

நான் கிரேக்கைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் ஐந்தும் உயிர், மிச்சம் பழசு, எனக்குத் தெரியும் சார் என்று சொன்னால் போதும். படகின் மூத்த ஆள் பேச்சுக்கு மதிப்புண்டு. கிரேக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது நானாவது சொல்லியிருக்கலாம். ஐந்து என்ற ஒரு சொல். ஆனால் அந்தத் தாழைத் திருகினால் ஜாகோவுக்குப் பின்னால் இன்னும் யார் யார் வருவார்கள் என்று நினைத்தேன். முழங்காலளவுத் தண்ணீரில் தவழ்ந்து, கதவின் கீழ்ப்பாதி வழியாக. சாவுக்குப் பயந்ததில்லை நான். அதற்குப் பயந்தேன்.

"பதினாறு, சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. பதினாறுதான் தட்டியது. உண்மையைச் சொல்லியே ஐந்து பேரைக் கொன்றவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காப்டன் நிமிர்ந்தார். "அஞ்சு பேர் பதினாறு தட்ட முடியாது. சாமான் உருளுது. கதவைத் தொடாதே." அவர் குரல் உடைந்திருந்தது. கெட்டவர் இல்லை அவர். விதிப்படி நடந்தார்.

ஆறு மணி நேரம் கிடந்தோம். கால் மணிக்கு ஒருமுறை ஐந்து தட்டு வந்தது. இடைவெளி. பதினொன்று. நான் அதற்குப் பிறகு பதில் தட்டவில்லை. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பின்னறைக்குத் தனி மேல்மூடி உண்டு. அறுபதடிதான். அறையைத் தண்ணீரால் நிரப்பி, அழுத்தம் சமமானதும் மூடியைத் திறந்து மிதந்து வெளியேறலாம். எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த வித்தை. மேலே எதிரி இருந்தால் என்ன, கைதியாகவாவது பிழைக்கலாமே. மூடி திறக்கும் சத்தத்துக்காக ஆறு மணி நேரமும் காத்திருந்தேன்.

திறக்கவே இல்லை. ஏன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்?

மேலே விசிறிச் சத்தம் ஓய்ந்ததும் முன்தொட்டிகளில் இருந்த தண்ணீரைக் காற்றால் ஊதித் தள்ளச் சொன்னார் காப்டன். படகின் மூக்கு மேலெழுந்தது. படகு செங்குத்தாகிக்கொண்டே போனது. கதவுக்குப் பின்னால் எல்லாமே ஒன்றாகச் சரிந்து கீழே போகும் இரைச்சல். பம்பு நின்றது. எதையோ அடைத்து வைத்திருந்தது பிடுங்கிக்கொண்ட மாதிரி, தண்ணீர் ஊளையிட்டது.

"மச்சான்!"

இரும்பு மூன்று விரல் கனம். ஆனாலும் கேட்டேன்.

மூக்கு வெளியே வந்தது. கோபுரத்தைத் திறந்தார்கள். மாலை வெயில் ஏணி வழியாக இறங்கியது. எல்லாரும் காற்றைக் குடித்தார்கள், அழுதார்கள், ஒருவன் சிரித்தான். நான் கதவடியிலேயே இருந்தேன். தட்டு வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

நடுவே இடைவெளி இல்லை.

பதினாறும் ஒரே கையாக, விரல் முட்டியால், நிதானமாக.

துறைமுகத்துக்கு இழுத்துவர இரண்டு நாள் ஆனது. தண்ணீரை இறைத்து, மூன்றாம் நாள் கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்தேன். ஐந்து பேரும் கதவோடு ஒட்டிக் கிடந்தார்கள். படகு நிமிர்ந்தபோது கதவுதான் அறையின் உச்சி, கடைசிக் காற்று அங்கேதான் நின்றிருக்கும். ஒருவன் தோளில் ஒருவனாக ஏறியிருந்தார்கள். ஜாகோ அடியில் இருந்தான். மற்ற நால்வரையும் அவன் தாங்கியிருந்தான்.

சுவரில், முழங்கால் உயரத்தில், எண்ணெய்க்கறை நேர்கோடாக இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறியதே இல்லை, நாங்கள் மூக்கைத் தூக்குகிறவரை. மெத்தைகளைத் திணித்துக் குழாயை அடைத்திருந்தார்கள். அவர்கள் பம்பைப் பிடித்து இறைத்ததால்தான் படகு எழும்பும் அளவுக்கு இலேசானது என்று பிறகு எஞ்சினியர்கள் சொன்னார்கள். எங்களைத் தூக்கிவிட்டதே அவர்கள்தான்.

கதவின் உட்பக்கத்து வண்ணத்தில் ஸ்பேனர் முனையால் கீறியிருந்தது. ஜாகோவின் கோணல் எழுத்து.

"மச்சான், நாங்க அஞ்சு பேர்தான். மிச்சம் தட்டுறது நாங்க இல்ல. மூடியத் திறந்து போயிரலாம்னு இவங்க சொன்னாங்க. நீ பதில் தட்டிட்டேன்னு நான்தான் இருக்கச் சொல்லிருக்கேன். காத்திருக்கோம்."

கப்பல்துறைச் சுவரில் கிரேக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"ஏன்யா வாயத் திறக்கல?"

"போன தடவை கதவை மூடுனது நான்" என்றார். "தண்ணி வந்ததும் செத்துட்டாங்கன்னு எழுதியிருக்காங்கல்ல? இல்ல. பதினோரு தட்டு வந்துச்சு. நானும் ஒரு தட்டு பதில் தட்டினேன். திறக்கத் தைரியம் வரல. கொஞ்ச நேரத்துல பத்து வந்துச்சு. அப்புறம் ஒம்போது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒருத்தன் தட்டிட்டு இருந்தான். மேலேர்ந்து வந்தவங்க கேட்டப்ப, ஒரு சத்தமும் இல்லன்னு சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! பதில் தட்டாதேன்னு ஒரு வார்த்தை!"

"சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சிருக்குமே" என்றார் கிரேக். பிறகு, "இப்ப நாம ரெண்டு பேர்" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும், தனியாக இருந்தவனுக்குத் துணை கிடைத்த நிம்மதி.

உயிருக்கு உயிரானவன் உள்ளே இருந்தும் கடமை தவறாமல் கதவை மூடியதற்காக எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். குண்டு அதிர்ச்சியில் இடது காதில் சவ்வு கிழிந்திருந்ததால் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். படகை மறுபடியும் கழுவி, வண்ணம் அடித்து, எழுபத்தொன்று என்று எண் போட்டார்கள். கிரேக் அதிலேயே தங்கிவிட்டார்.

டாம்சின் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கஷ்டப்பட்டானா?"

"இல்ல. தண்ணி ஒரே அடியா வந்துச்சு. ஒரு சத்தமும் இல்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவள் நம்பினாள். பதக்கத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி அடுப்பு மாடத்தில் வைத்தாள்.

இன்று சனிக்கிழமை. மதியம் தபாலில் படகுத் தோழன் ஒருவனின் கடிதம் வந்தது. கிரேக் இறந்துவிட்டார். படகு துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடந்தபோது, ஆளில்லாத பின்னறைக்குள், காய்ந்த தரையில் கிடந்தாராம். கதவு வெளிப்பக்கமாக மூடி, எட்டுத் தாழும் முறுக்கியிருந்ததாம். யார் முறுக்கினார்கள் என்று தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை.

டாம்சின் மேசையில் பேஸ்ட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கடிதத்தை அவள் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன்.

"ஜேபஸ், உனக்கு அந்தக் காது கேக்காததால தெரியல போல" என்றாள். "நீ வந்ததுலேர்ந்து நம்ம கரி அறைக் கதவுல தட்டுது. தினம் இந்த நேரத்துக்கு. நம்ம குட்டிப் பூதங்கதான். நான் ஓரத்துத் துண்டு வச்சிட்டுத்தான் இருக்கேன்."

சமையலறை மூலையில் இருக்கும் அந்தக் கரி அறைக்கு ஜன்னல் கிடையாது. வேறு வாசலும் கிடையாது.

"எத்தனை?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"எத்தனை தட்டு, டாம்சின்?"

"முன்னெல்லாம் பதினாறு. இந்தச் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து பதினேழு. ஒண்ணு கூடியிருக்கு."

அவள் சொல்லி வாயை மூடவில்லை. கதவின் கீழ்ப்பாதியில், தரையை ஒட்டி, தொடங்கியது. கிழியாத காதைத் திருப்பினேன். எண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். எண்ணினேன். பதினைந்து. பதினாறு. பதினேழு.

இடைவெளி. இரண்டு மூச்சு நேரம்.

பதினெட்டு.

"பாத்தியா, இன்னிக்கும் ஒண்ணு கூடிருச்சு" என்றாள் டாம்சின். மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டாள். "பாவம், எவ்வளவு நேரமா காத்திருக்கோ. நான் தினமும் செய்யுறதுதான்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள், அவள் குனிந்து, விரலை மடக்கி, ஒரு தட்டு பதில் தட்டினாள்.